உறைநிலை

குளச்சல் ஐஸ் பிளாண்டில் அன்றிரவு
உறைந்துபோனது திரை மட்டும்தான்.

இரண்டு பத்துக்குப் போன்.
"பிள்ளே, நீ எழுதித்தந்த எளவு
அனங்கமாட்டேங்குது."
பயஸின் குரலுக்குப் பின்னால்
கிரஷரின் இரைச்சல் இல்லை.
அந்த இல்லாமைதான்
என் தூக்கத்தை முழுசாகக் கலைத்தது.

தக்கலையிலிருந்து மீனெடுக்கப் போகும் டெம்போவில்
மடிக்கணினியை மடியில் அணைத்துப் போனேன்.

உப்புநீர்த் தொட்டிக்குள் நூற்றிருபது கேன்கள்.
ஒவ்வொன்றும் தன் இருட்டில்
தன்பாட்டுக்குக் கெட்டியாகிக்கொண்டிருந்தது.
பதினெட்டு மணிநேரம்.
அவசரப்படுத்தினால் நடுவில் வெள்ளை விழும்.
அவற்றின் மேல் எனக்குப் புகார் ஏதுமில்லை.

நான் எழுதியிருந்தது இதுதான்:
குளிரைப் படி.
முப்பது நொடி தூங்கு.
மறுபடி படி.
பொத்தானைக் கேட்கவேண்டிய இழையையே
தூங்கச் சொல்லியிருந்தேன்.
பயஸ் அழுத்துகிறார், அழுத்துகிறார்,
உள்ளே குறட்டை.

தூங்கு என்றால் தூங்கும்தான்.
ஆனால் இடுப்பில் சாவிக்கொத்தோடு தூங்கும்.
காத்திரு என்பது வேறு:
சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
யாராவது தட்டும்வரை கண்மூடுவது.
எனக்கு இது தெரியும்.
தெரிந்தே, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு,
தூங்கு என்று எழுதினேன்.

அதைத் திருத்தியும் ஓடவில்லை.

கிரஷர் இழை தராசைப் பிடித்துக்கொண்டு
சரிவுப்பலகைக்காக நிற்கிறது.
பில் இழை பலகையைப் பிடித்துக்கொண்டு
தராசுக்காக நிற்கிறது.
இரண்டும் மரியாதைக்காரர்கள்.
பறிப்பதில்லை, முணுமுணுப்பதுகூட இல்லை.
விட்டால் அந்திக்கிறிஸ்து வரும்வரை நிற்பார்கள்.

வெளியே ஹாரன்.
குருசடி வளைவில் ஒரு லாரியும்
நான் வந்த அதே டெம்போவும்
முகத்தோடு முகம் இடிக்காத குறை.
இரண்டு ஜோடி விளக்கு,
நடுவில் ஒரு நாய், யோசனையோடு.

"பாரம் கொறஞ்சவன் பின்னால எடு லே!"
பயஸ் ஒரே கத்தாகக் கத்தினார்.
டெம்போ பின்வாங்கியது.

பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் நிரலுக்குள் கத்த ஆளில்லை.
அதனால் சட்டம் எழுதினேன்:
யாரானாலும் முதலில் தராசு, பிறகே பலகை.
கூடவே இன்னொன்று:
மூன்று நொடி பார்.
கிடைக்காவிட்டால்
கையில் இருப்பதை விட்டுவிடு.

(இதைத்தான் கல்யாணத்தரகர் ஞானசிகாமணியும்
போன மாதம் அம்மாவிடம் சொன்னார்.
அவருடைய நொடி
கொஞ்சம் நீளம்.)

மூன்று நாற்பது.
தாதேயுஸின் படகுக்கு ஐம்பது பார் ஐஸ்.
பொத்தான். பச்சை விளக்கு.
கிரஷர் உறுமி எழுந்து
எல்லோர் பேச்சையும் தின்றது.
தெறித்த ஒரு சில்லு
எண்டர் விசைமேல் விழுந்து
உருகிக்கொண்டே
வெற்று வரிகளாக அடித்துத் தள்ளியது.
துடைத்தேன்.

படகு போயிற்று.
பயஸ் ஒரு பொதி அயிலை தந்தார்.
முன்பணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

முதல் பேருந்தில், ஜன்னலோரம்.
"தக்கலை வந்தா எழுப்புங்கண்ணே."
கண்டக்டர் சரியென்று தலையாட்டினார்.
சாவியை மாட்டிவிட்டேன்.

திடுக்கிட்டு விழித்தேன்.
யாரும் தட்டவில்லை.
கண்டக்டர் முன்னிருக்கையில்
வாய்பிளந்து உறங்குகிறார்.
காரணமில்லாத விழிப்பு.
இப்படியும் நடக்கும் என்று
கையேட்டில் ஒரு வரி எச்சரிக்கை உண்டு:
எழுப்பப்பட்டதாலேயே
காத்திருந்தது வந்துவிட்டதென்று நம்பாதே.
மறுபடி பார்.

பார்த்தேன்.
திங்கள்நகர்.
பூட்டிய கடைகள், ஒரு செவ்வாழைக் குலை,
மடியில் ஈரம் கசியும் அயிலை.

இன்னும் இல்லை.
கண்களை மூடினேன்.